கூட வந்தவர் சொல்லட்டும்

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கிளினிக்குக்குள் யார் நுழைந்தாலும் மிஸ்ஸி முதலில் நோயாளியைப் பார்க்க மாட்டார். பக்கத்தில் நிற்கிறவரைத்தான் பார்ப்பார். காய்ச்சலில் துவண்டு வந்த மனிதர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, எனக்கு ரெண்டு நாளா..." என்று ஆரம்பிப்பார். மிஸ்ஸி பேனாவை உயர்த்துவார். "இருங்க, உங்ககிட்ட அப்புறம் வரேன். கூட வந்தவங்க சொல்லட்டும்." காய்ச்சல்காரர் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் போய் உட்காருவார். மனைவியோ மகனோ முன்னால் வந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்போம். மலாய்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். இவர் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய நர்ஸ் இல்லை. கார்டு எழுதுவார், பிரஷர் பார்ப்பார், டாக்டர் எழுதிய மருந்தை உறையில் போட்டு, எப்போது சாப்பிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்புவார். ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதற்கும் அவர்தான் மிஸ்ஸி. பூக்கடைக்காரர் முதல் வங்கி மேனேஜர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயர் இல்லாமல் இல்லை. இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் நானும் மிஸ்ஸி என்றே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு அவர் செந்தூல் பிளாட்டில் இரண்டு மாடி மேலே குடியிருந்தவர். காலையில் இருவருக்கும் ஒரே கொமுட்டர் ரயில். அவர் கே.எல். சென்ட்ரலில் இறங்கிக் கிளினிக்குக்கு நடப்பார். நான் அங்கே ரயில் மாறிக் கிள்ளானுக்குப் போவேன். நடுவில் கிடைக்கும் இருபது நிமிடத்தில் அவர் பேசுவார், நான் கேட்பேன். பதினோரு வருடம் அப்படி ஓடியது. "மிஸ்ஸிகிட்ட பேசுறதுல பாதி என்கிட்ட பேசினா போதும்" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பு இல்லை.

கூட வந்தவரைக் கேட்பதற்கு மிஸ்ஸி இரண்டு காரணம் வைத்திருந்தார். நோயாளி தனக்கு வேண்டியதைச் சொல்வார், கூட இருக்கிறவர் பார்த்ததைச் சொல்வார் என்பது ஒன்று. லீவுக்காக எம்.சி. என்கிற மருத்துவச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். "டாக்டர்கிட்ட பொய் சொல்றதுக்கு பஸ் ஏறி வரணுமா? வீட்டுலயே உக்காந்து சொல்லலாம்ல?" என்று கூட்டத்துக்கு நடுவே கேட்பார். அது வேடிக்கைக் கோபம் இல்லை. பொய் சொன்னால் தப்பான மருந்து போய்விடுமே என்று நிஜமாகவே வருகிற கோபம். ஒரு போலீஸ்காரர்கூட அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

இன்னொரு காரணம்தான் முக்கியமானது. "உங்களுக்கும் அப்படித்தான் இருக்கா?" என்று கூட வந்தவரிடம் கேட்பார். இரண்டு பேருக்கும் வயிற்றுப்போக்கு என்றால் சாப்பாட்டில் கோளாறு. இரண்டு பேருக்கும் இருமல் என்றால் காற்றில் ஏதோ இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் அது அவர் உடம்புக்குள் இருக்கிறது, நேரே டாக்டர் அறைக்கு. "இந்த ஒரு கேள்வியில பாதி வேல முடிஞ்சிடும் தம்பி" என்பார். டாக்டரே கதவைத் திறந்து, "மிஸ்ஸி, கேட்டாச்சா?" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ரவாங்கிலிருந்து வந்த ஒரு தம்பதியின் கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கணவருக்கு அறுபது வயது இருக்கும். ஒரு மாதமாக மனைவியின் சமையலை வாயில் வைக்க முடியவில்லை, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பது அவர் புகார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "முப்பத்தஞ்சு வருஷமா இதே கைதானே மிஸ்ஸி ஆக்கிப் போட்டுச்சு. இப்ப மட்டும் என்னவாம்?" என்று எரிந்து விழுந்தாராம். வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. மிஸ்ஸி அந்த அம்மாவைத் தனியாக அழைத்து, "உங்களுக்கு ருசி தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது. "அப்ப இவருக்குத்தான் என்னமோ நடந்திருக்கு. சளி புடிச்சுதா, புது மாத்திரையா, எங்கயும் விழுந்தாரா?" அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, குளியலறையில் அவர் வழுக்கி விழுந்ததையும் பின்மண்டை புடைத்திருந்ததையும் சொன்னார். தைலம் தேய்த்ததோடு விட்டுவிட்டார்கள்.

"மூக்குலேர்ந்து மூளைக்கு நூல் மாதிரி நரம்பு போகுது தம்பி. மண்ட இடிச்சா அது அறுந்துடும். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு, இத மட்டும்தான் நாக்கு சொல்லும். மிச்ச ருசியெல்லாம் மூக்கு சொல்றது" என்று எனக்கு விளக்கினார். டாக்டர் இதையே அந்தத் தம்பதிக்குச் சொன்னபோது மனைவி கிளினிக் என்றும் பாராமல் அழுதாராம். தன் கைப்பக்குவம் கெடவில்லை என்ற நிம்மதியில் அழுதாரா, கணவரின் மண்டையை நினைத்து அழுதாரா என்பது மிஸ்ஸிக்கே கடைசிவரை தெரியவில்லை.

அந்தப் பெரிய தொற்று வந்துபோன பிறகு மூக்கும் நாக்கும்தான் ரயிலில் எங்கள் பேச்சு. பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கோப்பி சாக்கடை வாடை அடித்தது. வெங்காயம் வதக்கினால் வாந்தி. கல்யாணம் ஆகாத பெண். அவள் அம்மா என்னவோ ஏதோ என்று பயந்து இழுத்து வந்திருந்தார். மிஸ்ஸி அம்மாவுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று விசாரித்தார். "நீங்க பயப்படுற விஷயம் இல்ல லா ஆன்டி. கெட்டுப்போன நரம்பு திரும்ப வளரும்போது வயர மாத்தி மாட்டிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். டாக்டர் சொன்னபடி எலுமிச்சைத் தோல், கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் போல நெடியடிக்கும் காயு பூத்தே எண்ணெய் என்று நான்கு குப்பி தயார் செய்து, காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். பல மாதம் கழித்து அந்தப் பெண் கோப்பிப் பொட்டலத்தோடு வந்து நின்றாளாம். அதை எனக்குச் சொன்ன அன்று பேச்சு மும்முரத்தில் இருவரும் கே.எல். சென்ட்ரலில் இறங்க மறந்துவிட்டோம்.

ஒருவருக்கு வாயெல்லாம் இரும்பு ருசி. பிரஷருக்குப் புதிதாகக் கொடுத்த மாத்திரையால் வந்தது. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் வேறு மாற்றிக் கொடுப்பார் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறார். இன்னொருவருக்கு மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தது. வேறொருவருக்கு ஈறில் சீழ். வாசனை தெரியாமல்போய், பல வருடம் கழித்துக் கைநடுக்கம் வந்த ஒரு வயதானவரும் உண்டு. "மூக்கு சும்மா மாறாது தம்பி. ஒன்னுமில்லாததா இருக்கலாம், பெருசாவும் இருக்கலாம். ஆனா சொல்லணும். சொன்னாத்தானே பாக்க முடியும்?" என்பார்.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கும் வாசனை தெரியாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானில் ஒரு மசாலா மில்லில் எனக்குச் சரக்கு பார்க்கிற வேலை. துறைமுகத்திலிருந்து லோரியில் வந்து இறங்கும் மல்லி, மிளகாய், சோம்பு மூட்டைகளைத் திறந்து முகர்ந்து, நல்லதா பூசணம் பிடித்ததா என்று சொல்ல வேண்டும். நான் வேண்டாம் என்றால் மூட்டை திரும்பிப் போகும். அந்தத் தொற்றில் எனக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகு மூக்கு திரும்பவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம் என்று காத்திருந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. சொன்னால் வேலை போய்விடும். அதனால் மில்லில் மூட்டை கட்டும் ஓர் அக்காவிடம் ஒரு பிடி மல்லியை நீட்டி, "எப்படி இருக்கு, நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று அவருக்குப் பரீட்சை வைப்பதுபோல் கேட்பேன். அவர் முகம் சுளித்தால், "கரெக்ட், இது ஆகாது" என்பேன். என் மூக்கை மில்லில் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

மூக்கைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான். மில்லில் போட்ட வேஷத்தை ரயிலிலும் போட்டுப் பழகிவிட்டேன். மிஸ்ஸி என்னை "மசாலா மூக்கு" என்று கேலி செய்வார், நானும் பெருமையாகச் சிரித்துவைப்பேன்.

ஒரு நாள் அவர், கிளினிக் பக்கத்துப் பாய் கடையில் ஆற்றிக் கொடுக்கும் பால் டீ, தே தாரிக், இரும்புத் துண்டைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றார். பால் மாற்றிவிட்டீர்களா என்று பாயிடம் கேட்டிருக்கிறார். ஆமாம் மிஸ்ஸி, புதுப் பால் என்று அவரும் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வாரம் ஜெரெபு என்று நாங்கள் சொல்கிற புகைமூட்டம் வந்தது. எங்கோ காடு எரிந்தால் இங்கே எங்களுக்குச் சூரியன் சிவந்துவிடும். செந்தூல் ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் கோபுரக் கட்டடங்கள் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் பழையபடி முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள்.

ரயிலில் மிஸ்ஸி திடீரென்று கவசத்தை இறக்கி, "தம்பி, எரியிற வாடை வருது. ரப்பர் கருகுற மாதிரி. உனக்கு வருதா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் ஊரே புகைக்குள் இருந்தது. மூக்கு இருக்கிற யாருக்கும் வரத்தானே செய்யும்? வரவில்லை என்றால் மசாலா மூக்குக்கு என்ன ஆயிற்று என்று அடுத்த கேள்வி வரும். "ஆமா மிஸ்ஸி, பயங்கரமா வருது" என்றேன். அவர் நிம்மதியாகக் கவசத்தை ஏற்றிக்கொண்டு, "அப்ப ஜெரெபுதான்" என்றார்.

புகைமூட்டம் இருந்த நான்கு வாரத்தில் அவர் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. அந்த வாடை வரும், அரை நிமிடம் நிற்கும், போய்விடும். வரும்போதெல்லாம் என்னைக் கேட்பார். நான் ஆமாம் என்பேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். வாடை வருகிறது என்று சொல்வதற்கு முன்னால் அவர் பேச்சு பாதியில் நின்றுவிடும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். உதட்டை எதையோ ருசி பார்ப்பதுபோல் சப்புவார். மனதுக்குள் சாமி பேரைச் சொல்கிறார்போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வேறு பக்கம் பார்ப்பேன்.

பிறகு மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் வானம் கழுவி விட்டதுபோல் ஆனது. மூன்றாம் நாள் ரயிலில் மிஸ்ஸி கேட்டார். "தம்பி, இன்னும் வருது. உனக்கு?"

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். இல்லை என்று ஒரு சொல். நான்கு வாரம் ஆமாம் சொன்ன வாய், யோசிக்காமல், "லேசா வருது" என்றது. மிஸ்ஸியின் முகம் மாறியது. "ஜெரெபு போயிருச்சு. இன்னும் ரெண்டு பேருக்கும் வருதுன்னா, நம்ம பிளாட்டுலதான் எதோ எரியுது. வயரா இருக்கும், வாடை துணியில ஒட்டிக்கிட்டு கூடவே வருது. தீ புடிச்சா என்ன ஆகுறது?" என்றார். நான் பார்த்திருக்கிறேன், அவர் பயந்தால் உடனே வேலையில் இறங்கிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை மேலே கூப்பிட்டார்.

நான் போனேன். அவர் முன்னால், நான் பின்னால், இருவரும் அந்த வீட்டைச் சுவர் சுவராக முகர்ந்துகொண்டு நடந்தோம். சுவிட்சுப் பெட்டி, அடுப்பு, சாமி அறை, மின்விசிறி. "இங்க? இங்க எப்படி இருக்கு?" என்று ஒவ்வொன்றிலும் நின்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தால் சந்தேகம் வருமே என்று பயம் வந்துவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டு, நன்றாக இழுத்து முகர்ந்துவிட்டு, "இங்கதான் மிஸ்ஸி கொஞ்சம் அதிகமா இருக்கு" என்றேன். நல்ல பிரிட்ஜ். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மறுநாளே அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார். எனக்கு உள்ளுக்குள் கூசியது. ஆனாலும் புது பிரிட்ஜைப் பார்க்கப் போய்த் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரிட்ஜ் போயும் வாடை போகவில்லை. மிஸ்ஸி இப்போது கிளினிக்கில் எல்லோரையும் கேட்க ஆரம்பித்தார். டாக்டருக்கு வரவில்லை. நோயாளிகளுக்கு வரவில்லை. பாய் கடைக்குப் போய், உண்மையைச் சொல்லுங்கள் என்று நெருக்கியபோது, பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "பால் மாத்தல மிஸ்ஸி. நீங்க கேட்டீங்க, நீங்க கேட்டு இல்லன்னு எப்படி சொல்றது?" என்றாராம். ஊரே அவரிடம் மரியாதையாக இருந்தது. அந்த மரியாதையில் ஒருவரும் அவரை மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் ரயிலில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு என் கையைத் தொட்டார்.

"தம்பி, யாருக்கும் வரல. உனக்கும் எனக்கும் மட்டும்தான் வருது. அந்த பழைய பிரிட்ஜுலேர்ந்து கேஸு கசிஞ்சு எதாவது நம்ம ரெண்டு பேரையும் பண்ணிடுச்சோ என்னமோ. நான் சரி, எனக்கு வயசாச்சு. உனக்குப் புள்ளைங்க இருக்கு. சனிக்கிழம நீ கிளினிக்குக்கு வர. நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"நீங்க பாத்துக்கிட்டீங்களா மிஸ்ஸி?"

"மொதல்ல நீ. என்னைய அப்புறம் பாப்போம்."

சனிக்கிழமை போனபோது என் பெயரில் கார்டு எழுதித் தயாராக வைத்திருந்தார். முன்னால் ஒன்பது பேர் காத்திருந்தும் என்னை நேரே உள்ளே அழைத்துப் போனார். நோயாளி நாற்காலியில் நான். கூட வந்தவர் இடத்தில் மிஸ்ஸி. வயதான டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வழக்கம்போல் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். மிஸ்ஸி ஒன்று விடாமல் சொன்னார். எந்தத் தேதியில் தொடங்கியது, ரயிலில் எத்தனை முறை வந்தது, பிரிட்ஜுக்குப் பின்னால் எனக்கு எவ்வளவு அதிகமாக இருந்தது. எனக்காகப் பயந்து, குரல் கம்ம, அவ்வளவு சரியாகச் சொன்னார். அதில் ஒன்றுகூட எனக்கு நடந்தது இல்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "என்ன மாதிரி வாடை? ரப்பரா, பேப்பரா, முடி கருகுற மாதிரியா?" என்று கேட்டார்.

"எனக்கு வாசனை வராது டாக்டர்" என்றேன்.

"எரியிற வாடை வராதா?"

"எதுவுமே வராது. ரெண்டு வருஷமா. காய்ச்சல்ல போச்சு. யார்கிட்டயும் சொல்லல."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தேன். அவர் மெல்ல, "அந்த பிரிட்ஜு?" என்றார்.

"சும்மா கை காட்டினேன் மிஸ்ஸி."

டாக்டர் பேனாவை வைத்தார். "அப்ப வாடை வர்றது உங்க ஒருத்தருக்குத்தான், மிஸ்ஸி" என்றார். அந்த வாக்கியத்தின் பொருள் அந்த அறையில் அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? இரண்டாவது ஆளை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று பிரிக்ஃபீல்ட்ஸுக்கே கற்றுக் கொடுத்தவர் அவர். அவர் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, நான் பார்த்ததையாவது சொல்ல வேண்டும் என்று. பேச்சு பாதியில் நிற்பதை, கண் குத்திட்டு நிற்பதை, உதட்டைச் சப்புவதைச் சொன்னேன். டாக்டர் அரை நிமிடமா ஒரு நிமிடமா, கூப்பிட்டால் திரும்புவாரா, வாரத்தில் எத்தனை முறை என்று கேட்டுக்கேட்டு எழுதினார். மிஸ்ஸி திகைத்துப்போய், "நானா? எப்ப? எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். அவருக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் சட்டென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு புதுக் கார்டோடு திரும்பி வந்தார். அதில் அவருடைய பெயரை, வயதை, அடையாள அட்டை எண்ணை அவரே எழுதியிருந்தார். டாக்டர் முன்னால் வைத்துவிட்டு, "எழுந்திரி தம்பி. நான் உக்காரணும்" என்றார்.

டாக்டர் அவரிடம் ஒளிக்காமல் பேசினார். இல்லாத வாடை வருவது பெரும்பாலும் மூக்கிலோ சைனஸிலோ பல்லிலோ இருக்கிற சின்ன விஷயமாகத்தான் இருக்கும், ஒற்றைத் தலைவலியிலும் வரும் என்றார். ஆனால் விட்டுவிட்டு வந்து, கூடவே பேச்சும் நின்றால் அது ஒருவித வலிப்பாக இருக்கலாம், மூளையைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். படத்தில் காதுக்கு மேலே, உள்ளே, ஒரு கட்டி இருந்தது. பரவுகிற சாதி இல்லை. அறுத்து எடுத்தார்கள். மிஸ்ஸி பிழைத்துக்கொண்டார். இப்போது ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் மில் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போகவில்லை. லோரிகளில் மூட்டை ஏற்றுகிற பக்கம் மாற்றிவிட்டார். நான் சொல்ல வந்தது இதில் எதுவும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நடந்தது ஒன்று இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன் விவரம் எழுதுவதற்காக வரச் சொல்லியிருந்தார்கள். மகள் ஜொகூரிலிருந்து மறுநாள்தான் வர முடியும். மிஸ்ஸி என் வீட்டுக் கதவைத் தட்டி, "கூட ஒரு ஆள் வரணும்னாங்க. நீயே வா" என்றார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினேன்.

அங்கே இருந்தவர் இளம் டாக்டர். மிஸ்ஸியின் வயதில் பாதிகூட இருக்காது. கணினியில் தட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து என்றார். ஆறு வாரத்துக்கு மேல் என்றார் மிஸ்ஸி. தேதியையும் சொன்னார். டாக்டர் நிமிர்ந்தார்.

"ஆன்டி, நீங்களே கிளினிக்ல வேல செய்றீங்க. ஏன் இத்தன வாரம் விட்டீங்க?"

மிஸ்ஸி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஜெரெபு டைம் லா டாக்டர். நானாத்தான் அப்படி நெனச்சிக்கிட்டேன்" என்றார்.

டாக்டர் தலையாட்டிவிட்டு அதைத் தட்ட ஆரம்பித்தார். டாக்டரிடம் பொய் சொன்னவர்களைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்ட மனுஷி, தலைக்குள் கட்டியோடு உட்கார்ந்து, எனக்காக ஒரு பொய் சொன்னார். நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே பதிவாகியிருக்கும். அந்த டாக்டர் என்னை எதுவும் கேட்கவில்லை, சுவரோரம் நான் நின்றதை அவர் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

"இல்ல டாக்டர்" என்றேன். "அவங்களா நெனைக்கல. என்கிட்ட கேட்டாங்க. பல தடவ கேட்டாங்க. எனக்கும் அந்த வாடை வருதுன்னு நான்தான் சொன்னேன். எனக்கு மூக்கே வேல செய்யாது. வேல போயிடும்னு மறைச்சிட்டேன்."

தட்டுகிற சத்தம் நின்றது. மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு லேசாக அசைந்தது. ஓடிப்போய் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, "மிஸ்ஸி, வாடை வருதா?" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே இல்லை என்று தலையை ஆட்டினார். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார்.

"ஒன்னும் வரல தம்பி. நீ சொல்லி முடி. டாக்டர் எழுதணும்."